உருவம் சுருங்கும், ஒளி சுருங்காது

ஃபோம் ஷீட்டை வெட்டி, ஒட்டி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, வர்ணம் பூசி, ஜன்னல் கம்பிகள் முதல் பின்புறத்து ஏணிவரை ஒன்றையும் விடாமல் செய்து முடித்த ஒரு பஸ்ஸின் மாதிரியை மேஜைமீது வைத்துப் பார்க்கும்போது, டெப்போவிலிருந்து அப்போதுதான் புறப்பட்டு வந்ததுபோல் கம்பீரமாகத் தோன்றும் அந்த வண்டி, அதே மேஜையில் அதே விளக்கின்கீழ் எடுத்த புகைப்படத்தில் மட்டும் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாக மாறிவிடுவது ஏன் என்னும் கேள்வி, இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்களுள் பெரும்பாலோருக்கு என்றேனும் ஒருநாள் எழுந்தே தீரும். காமிராவின் மலிவே இதற்குக் காரணம் என்று கருதி விலை மிகுந்த காமிராவையும் லென்ஸையும் வாங்குவோர் உண்டு. வாங்கிய பிறகு பொம்மைத்தனம் குறையாததோடு, சில சமயங்களில் முன்னினும் அதிகமாகிவிடுவதைக் கண்டு அவர்கள் திகைப்பதும் உண்டு. குற்றம், மாதிரியைச் செய்தவரின் கைத்திறனிலும் இல்லை, காமிராவின் விலையிலும் இல்லை. பொருள்களின் பருமனைப் பற்றிய ஒரு பௌதிக உண்மையில் இருக்கிறது.

ஒரு வஸ்துவை எல்லாத் திசைகளிலும் ஒரே விகிதத்தில் பெருக்கினாலோ சுருக்கினாலோ அதன் இயல்பு மாறாமல் இருக்கும் என்னும் நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை, 1638-ஆம் ஆண்டு லெய்டன் நகரில் வெளிவந்த தமது கடைசி நூலில் கலிலியோ எடுத்துக்காட்டினார். சிறிய பிராணியின் எலும்பை அதே வடிவத்தில் பன்மடங்கு பெரிதாக்கிப் பெரிய பிராணிக்குக் கொடுத்தால் அது உடலின் பாரத்தைத் தாங்காது என்பது அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று. வடிவகணிதம் எந்த அளவுக்கும் வளைந்து கொடுக்கும். இயற்கையோ தனக்கென்று சில நிலையான அளவுகளை வைத்துக்கொண்டு, அவற்றை நம் விருப்பத்துக்காக மாற்ற மறுக்கிறது. மாதிரி உருவங்களைப் படமெடுக்கும் கலை முழுவதையும் இந்த ஒரு நோக்கிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். உருவத்தோடு தாமாகவே சுருங்குவன சில. நாமே முயன்று சுருக்க வேண்டியன சில. என்ன செய்தாலும் சுருங்க மறுப்பன சில. இம்மூன்றையும் பகுத்தறிந்தவனுக்கு மொட்டைமாடியும் ஒரு சார்ட் பேப்பரும் பழைய செல்போனும் போதும்.

கணக்குக்கு வசதியாக, 1:24 என்னும் விகிதத்தில் செய்த ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் 12 மீட்டர் நீளமாக ஓடும் வண்டி இவ்விகிதத்தில் 50 சென்டிமீட்டர் ஆகிறது. அதன் படிக்கட்டருகே நிற்கும் நடுத்தர உயரமுள்ள மனிதன் 7 சென்டிமீட்டர் உயரமே உள்ளவனாகிறான். அவனுடைய கண்கள் தரையிலிருந்து ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இனி, மேஜையருகே நின்றபடியே ஒருவர் படமெடுக்கிறார் என்றால், அவர் கையிலுள்ள காமிரா மேஜைப் பரப்புக்கு மேலே சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனை 24-ஆல் பெருக்கினால் 19 மீட்டருக்கு மேல் வருகிறது. அதாவது, ஆறுமாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்கும் பஸ்ஸைப் பார்க்கும் காட்சியையே அவர் படமாக்குகிறார். பஸ்ஸைத் தினந்தோறும் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அதன் கூரையைப் பார்த்திருக்கிறார்கள்? நாம் ஒருபோதும் நில்லாத இடத்திலிருந்து எடுத்த படத்தை நம் மனம் நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

ஆகவே முதலில் சுருக்க வேண்டியது பார்வையின் உயரம். லென்ஸின் மையம் மேஜையிலிருந்து ஆறு, ஏழு சென்டிமீட்டருக்குமேல் உயராதவாறு காமிராவை இறக்க வேண்டும். பெரிய காமிராவை அவ்வளவு தாழ்த்துவது எளிதன்று. செல்போனிலோ லென்ஸ் மேல்விளிம்பை ஒட்டி அமைந்திருப்பதால், போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்த மாத்திரத்தில் அது தரையோடு வந்துவிடுகிறது. பிறகு படத்தை நேராகத் திருப்பிக்கொள்ளலாம். உயரத்தைப் போலவே தூரமும் கணக்கில் சேர வேண்டியது. மாதிரியின் முகப்புக்குப் பத்து சென்டிமீட்டர் அருகில் காமிராவைக் கொண்டுசென்றால், உண்மைப் பஸ்ஸின் முன்னால் 2.4 மீட்டர் தூரத்தில் நிற்பதற்குச் சமமாகிறது. அங்கிருந்து பார்த்தால் முகப்பு பூதாகரமாகப் பருத்தும் பின்பகுதி கூம்பிச் சுருங்கியும் தோன்றும். பஸ் நிலையத்தில் நாம் சாதாரணமாக ஒரு வண்டியைப் பார்ப்பது 12 முதல் 30 மீட்டர் தூரத்திலிருந்தே. அதற்கு இணையானது மேஜையில் அரை மீட்டர் முதல் ஒன்றேகால் மீட்டர்வரை. படத்தில் ஒரு பொருள் எவ்வளவு ஒடுங்கியும் விரிந்தும் தோன்றும் என்பதை நிர்ணயிப்பது லென்ஸ் அன்று, நிற்கும் இடமே என்பதால், தூரத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் இந்த அம்சம் தானாகவே உண்மைக்கு ஒத்துவந்துவிடும்.

உயரமும் தூரமும் சரியான பின்பும் பொம்மைத்தனம் முழுமையாக நீங்குவதில்லை. பஸ்ஸின் முகப்பு விளக்குகள் தெளிவாகவும், நடு ஜன்னல்களுக்கு அப்பால் உள்ள பகுதி முழுவதும் பனிபடர்ந்தாற்போல் மங்கலாகவும் படத்தில் விழுந்திருக்கும். நடுப்பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் பாவை சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. காமிராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/2 என்னும் நிலையில் திறந்து வைத்தால் ஒளி நுழையும் துவாரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர். இதனைப் பஸ்ஸின் உலகத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால் 60 சென்டிமீட்டர் ஆகிறது. பாவையே இரண்டடி அகலமுள்ள ஓர் அரக்கன் பார்த்தால் நம் பஸ் எப்படித் தெரியுமோ, அப்படித்தான் அந்தப் படத்தில் தெரிகிறது. துவாரம் அகன்றிருந்தால், ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் கிரணங்கள் அகலமான கூம்பாக உள்ளே நுழைகின்றன. கூம்பின் முனை சென்சாரின்மேல் மிகச்சரியாக விழுந்தால்தான் அப்புள்ளி புள்ளியாகப் பதியும். சிறிது முன்பின்னானாலும் வட்டமாகப் பரவிவிடும். துவாரம் குறுகக் குறுகக் கூம்பும் ஒடுங்குவதால், முன்பின் வேறுபாடு இருந்தாலும் வட்டம் சிறிதாகவே இருக்கிறது. தெளிவாகத் தோன்றும் பிரதேசத்தின் ஆழம் அதிகரிக்கிறது.

இம்மங்கலை நம் மூளை எவ்வளவு நுட்பமாக வாசிக்கிறது என்பதற்கு எதிர்த்திசையிலிருந்தும் சான்று உண்டு. உயர்ந்த கட்டிடத்திலிருந்து எடுத்த உண்மையான நகரத்தின் படத்தில், நடுவே ஒரு கீற்றை மட்டும் தெளிவாக விட்டு மேலும் கீழும் மங்கலாக்கிவிட்டால், கார்களும் மனிதர்களும் பொம்மைகளாகவே தோன்றுகின்றனர். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்று, படத்திலுள்ள மங்கலின் அளவையும் அமைப்பையும் மாற்றுவதால் மட்டுமே, பார்ப்பவர்கள் அக்காட்சியின் தூரத்தையும் பருமனையும் மதிப்பிடும் விதம் மாறுகிறது என்று காட்டியது. மங்கல் மிகுந்தால் பொருள் அருகில் உள்ளது, எனவே சிறியது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. விலை மிகுந்த லென்ஸை வாங்கியவரின் பஸ் முன்னினும் பொம்மையாகத் தோன்றியதன் ரகசியம் இதுவே. அந்த லென்ஸின் பெருமையெல்லாம் அதன் துவாரம் மிக அகலமாகத் திறக்கும் என்பதில் இருக்கிறது. மாதிரிப் படத்துக்கு வேண்டாத குணமும் அதுவே.

சுமார் 23 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சார் கொண்ட காமிராவில், அரை மீட்டர் அகலமுள்ள காட்சியைச் சட்டத்துக்குள் அடக்குவதாக வைத்துக்கொண்டால், எஃப்/4 நிலையில் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர், எஃப்/8-இல் 16, எஃப்/16-இல் 32. சற்றே கோணலாக நிறுத்திய பஸ்ஸின் முன்மூலைக்கும் பின்மூலைக்கும் இடையே 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கக்கூடும். எனவே துவாரத்தை எஃப்/16 வரை குறுக்குவது அவசியமாகிறது. எஃப்/4-லிருந்து அங்கு வரும்போது உள்ளே நுழையும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது மெய்யே. ஆனால் நம் பஸ் ஓடுவதுமில்லை, அதில் ஏறியிருப்பவர்கள் தலையைத் திருப்புவதுமில்லை. குழந்தையைப் படமெடுப்பவருக்குக் கிடைக்காத அவகாசம் நமக்குக் கிடைக்கிறது. ஷட்டரை ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ தாராளமாகத் திறந்து வைக்கலாம். அதுவரை காமிரா அசையாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. முக்காலி இல்லாத வீட்டில், அரிசியை முக்கால் பாகம் நிரப்பிக் கட்டிய துணிப்பையின்மேல் காமிராவைப் பதித்து வைத்து, விரல் அழுத்தும் அதிர்வுகூடப் படாதபடி டைமரில் எடுத்தால், அதுவே முக்காலியின் வேலையைச் செய்துவிடும். ஆறேழு சென்டிமீட்டர் உயரத்துக்கு உண்மையில் முக்காலியைவிட அதுவே தக்க ஆசனம்.

அப்படியானால் துவாரத்தை மேலும் மேலும் குறுக்கிக்கொண்டே போகலாமே, அந்த ஏழு சென்டிமீட்டர் மனிதனின் கண்ணளவுக்கே குறுக்கிவிடலாமே என்று தோன்றக்கூடும். இங்கேதான் சுருங்க மறுக்கும் முதற்பொருள் எதிர்ப்படுகிறது. ஒளி அலையாகப் பரவுவது; பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.00055 மில்லிமீட்டர், நாம் பஸ்ஸை எத்தனை மடங்கு சுருக்கினாலும் இந்த நீளம் இம்மியும் மாறாது. குறுகிய துவாரத்தின் வழியே செல்லும் அலை நேரே செல்லாமல் விளிம்பைச் சுற்றிப் பரவுகிறது. துவாரம் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு அதிகமாகப் பரவுகிறது. அதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக அமையாமல், மங்கிய வளையங்கள் சூழ்ந்த சிறு வட்டத் தட்டாக அமைகிறது. அத்தட்டின் அளவை ஆங்கிலேய வானியலறிஞர் ஜார்ஜ் ஏரி 1835-இல் கணக்கிட்டுச் சொன்னார். அவர் கணக்குப்படி எஃப்/16-இல் அதன் விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர், எஃப்/22-இல் 0.03. இன்றைய சென்சாரில் ஒரு புள்ளிக்கட்டத்தின் அகலம் 0.004 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால், ஒரு தட்டு ஐந்தாறு கட்டங்களை விழுங்கிவிடுகிறது. குவியம் தவறியதால் வரும் மங்கலை விரட்டப் போய், அலையின் இயல்பால் வரும் மங்கலில் அகப்பட்டுக்கொள்கிறோம். முன்னது படத்தின் ஒரு பகுதியைக் கெடுத்தது, பின்னது படம் முழுவதையும் சமமாக மழுக்குகிறது.

அந்தச் சிறு மனிதனின் நிலைமையே இதற்குத் தக்க விளக்கம். நம் கண்பாவையை 24-ஆல் வகுத்தால் அவனுடைய பாவையின் விட்டம் 0.08 மில்லிமீட்டர். அவ்வளவு சிறிய துவாரத்தின் வழியே பார்க்கும் எந்தக் கண்ணுக்கும் ஏறத்தாழ அரை டிகிரிக்குக் குறைந்த விவரம் எதுவும் பிரிந்து தெரியாது. வானத்தில் முழுநிலவின் தோற்ற அளவே அரை டிகிரிதான். நல்ல கண்ணுள்ள நாம் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிகிறோம். அவனோ நிலவை ஒரு மங்கல் திட்டாகவே காண்பான், பஸ்ஸின் நெற்றியிலுள்ள ஊர்ப் பெயரை நாம் படிக்கும் தூரத்தில் நின்று படிக்க அவனால் இயலாது. லென்ஸே இல்லாத ஊசித்துளைக் காமிராவுக்கு எந்த அளவு துளை மிகச் சிறந்தது என்பதைப் பௌதிக அறிஞர் ராலே பிரபு 1891-இல் ஆராய்ந்தபோதும், இவ்விரு மங்கல்களும் சமமாகும் ஓர் இடைநிலையே முடிவாகக் கிடைத்தது. நமது காமிராவுக்கும் அதுவே நீதி: எஃப்/11 முதல் எஃப்/16 வரை என்பது சமரச எல்லை, அதற்கப்பால் போவது நஷ்டம்.

இந்த எல்லையை மீற ஒரு யுக்தி உண்டு. மிகத் தெளிவான எஃப்/8 நிலையிலேயே துவாரத்தை வைத்துக்கொண்டு, முதற்படத்தில் முகப்பிலும் அடுத்தடுத்த படங்களில் சற்றுப் பின்னே பின்னேயும் குவியத்தை நகர்த்தி, ஐந்தாறு படங்கள் எடுத்துக்கொள்வது. பிறகு கணிப்பொறியில் அதற்கான மென்பொருளிடம் அவற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு சிறு பகுதிக்கும் எந்தப் படத்தில் அண்டைப் புள்ளிகளின் வேறுபாடு கூர்மையாக இருக்கிறதோ அதனைத் தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் ஒரே படமாகத் தொகுத்துவிடும். ஒரே கணத்தில் ஒரு கண்ணால் காண இயலாததைப் பல கணங்களாகப் பிரித்துக் கண்டு கூட்டுகிற இம்முறை, அசையாத பொருளுக்கே ஏற்றது. இந்தச் சிரமமும் வேண்டாதவர்கள், பெட்டியில் கிடக்கும் பழைய செல்போனை எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். சிறிய சென்சாருக்கு ஏற்ற மிகக் குறுகிய குவியத்தூரமுள்ள லென்ஸில் துவாரமும் இயல்பாகவே சிறிதாக இருப்பதால், தெளிவின் ஆழம் தானே கிடைக்கிறது. பெரிய சென்சாரைப் பெருமையாக விளம்பரம் செய்யும் புதிய போன்கள் இந்த ஒரு விஷயத்தில் பழையவற்றுக்குப் பின்தங்கியவையே. எல்கின் பார்க் என்னும் கற்பனை ஊரை உருவாக்கி, அதன் தெருக்களையும் கார்களையும் உண்மையென்றே நம்பும்படி படமெடுத்துப் புகழ்பெற்ற அமெரிக்கரான மைக்கேல் பால் ஸ்மித், 1:24 மாதிரிகளைச் சாதாரணச் சிறு டிஜிட்டல் காமிராவாலேயே எடுத்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. மாதிரிகளை வெளியே ஒரு மேஜையில் வைத்து, பின்னாலிருந்த உண்மையான மரங்களையும் வீடுகளையும் அவற்றோடு பொருந்துமாறு அமைத்துக்கொண்டது அவர் கையாண்ட முறை.

அவர் மேஜையை வெளியே கொண்டுபோனதில், தாமாகவே சுருங்கும் பொருள்களுள் தலையாயதொன்றின் உதவியும் சேர்ந்துகொண்டது. அது சூரியனின் நிழல். சூரியன் நம் கண்ணில் ஏறத்தாழ அரை டிகிரி கோணத்தை அடைப்பதால், எந்த விளிம்பின் நிழலும் கத்தியால் வெட்டினாற்போல் முடிவதில்லை. கருமைக்கும் வெளிச்சத்துக்கும் இடையே மெல்லிய புறநிழல் ஒன்று இருக்கும். உண்மைப் பஸ்ஸின் கூரை விளிம்பிலிருந்து நிழல் விழும் இடம் 2.4 மீட்டர் தூரத்தில் இருந்தால், புறநிழலின் அகலம் சுமார் 22 மில்லிமீட்டர். மாதிரியில் அத்தூரம் 10 சென்டிமீட்டர், புறநிழலோ 0.9 மில்லிமீட்டர். இதனை 24-ஆல் பெருக்கினால் பழைய எண்ணே திரும்ப வருகிறது. கோணம் மாறாததால் நிழலின் மென்மையும் விகிதம் தவறாமல் சுருங்கிவிடுகிறது. வீட்டு விளக்கால் இதனைச் செய்ய முடியுமா என்று பார்த்தால், 6 சென்டிமீட்டர் அகலமுள்ள எல்.இ.டி. பல்ப், அந்தச் சிற்றுலகில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள ஒளிக்கோளமாகத் தலைக்குமேல் தொங்குகிறது. அது சூரியனைப் போல் அரை டிகிரியில் தோன்ற வேண்டுமானால் ஆறரை மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மாறாக, செல்போன் டார்ச்சின் சிறு விளக்கு ஒரு மீட்டருக்குச் சற்று உள்ளேயே அவ்வளவு சிறியதாகத் தோன்றிவிடும்.

ஆயினும் அருகிலுள்ள விளக்குக்கு இன்னொரு குறை உண்டு. ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பது கெப்ளர் 1604-இல் கூறிய விதி. விளக்கு பஸ்ஸின் முகப்புக்கு அரை மீட்டர் தூரத்தில் இருந்தால், பின்பகுதிக்கு ஒரு மீட்டர் ஆகிறது. எனவே பின்பகுதியில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்கே. பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும் வெயிலில் 12 மீட்டர் பஸ்ஸின் இரு முனைகளுக்கும் இடையே இத்தகைய பேதம் எதுவும் கிடையாது. விளக்கை இரண்டு மீட்டர் பின்னால் கொண்டுபோனால் வேறுபாடு ஒன்றரை மடங்காகக் குறைந்து, கண் பொறுக்கும் அளவுக்கு வரும். இரண்டு விளக்குகள் ஒரே சமயத்தில் எரிந்து, இரண்டு நிழல்கள் இருபுறமும் விழுந்துவிட்டாலோ, இரண்டு சூரியன்கள் உள்ள உலகத்தை எவரும் நம்பப்போவதில்லை. இவ்வளவு தொல்லையையும் தவிர்க்க விரும்புவோருக்கு மொட்டைமாடி இருக்கிறது. காலை எட்டு, ஒன்பது மணிக்கோ மாலை நான்கு மணிக்குப் பின்னரோ, ஒரு பலகையைக் கைப்பிடிச் சுவரின் உயரத்துக்கு ஏற்றி அதன்மேல் பஸ்ஸை நிறுத்தினால், வெயில் பக்கவாட்டில் விழும்; தூரத்துத் தென்னைகளும் வானமும் பின்னணியாகும்; பலகையின் விளிம்பையும் கைப்பிடிச் சுவரையும் தாழ்ந்த பார்வையே மறைத்துவிடும். உச்சிவேளை உதவாது, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இருமுறை சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுவதால், நிழல் வண்டிக்கு அடியிலேயே பதுங்கிக்கொள்ளும்.

இதுவரை கூறியவை மாதிரியை உண்மையென நம்பவைக்கும் படத்துக்கு உரியவை. செய்தவரின் வேலைப்பாட்டை, ஒட்டுகளையும் கம்பிகளையும் எழுத்துகளையும், ஒளிவுமறைவின்றிக் காட்டும் படம் வேறு வகை. போட்டிக்கு அனுப்புவதற்கும், ஆர்டர் கொடுத்தவருக்குக் காட்டுவதற்கும் அதுவே வேண்டும். முன்னதற்குச் சிறிய, தொலைவான ஒளி தேவை. பின்னதற்குப் பெரிய, அருகான ஒளி தேவை. ஒளி தரும் பரப்பு பொருளைவிடப் பெரிதாக இருந்தால், ஒருபுறம் தடுக்கப்பட்ட கிரணத்தின் குறையை மறுபுறத்துக் கிரணம் நிரப்பிவிடுவதால், நிழல்கள் கரைந்து பள்ளங்களும் தெரிகின்றன. ஜன்னலின் குறுக்கே வெள்ளை வேட்டி ஒன்றை இறுக்கமாகக் கட்டினால் ஜன்னல் முழுவதும் விளக்காகிவிடுகிறது; எதிர்ப்புறத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால், தப்பிப்போகும் ஒளியை அது திருப்பியனுப்புகிறது. ஓவியர்களுக்கு வடக்கு ஜன்னலே உத்தமம் என்று ஐரோப்பியர் வகுத்த விதியை மட்டும் இங்கே அப்படியே ஏற்கலாகாது. சித்திரையிலிருந்து ஆவணிவரை ஏறத்தாழ, தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் செல்கிறது; அம்மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும்.

பின்னணிக்கு வெள்ளை சார்ட் பேப்பரின் மேல்விளிம்பைச் சுவரில் ஒட்டி, மறுபாதியை மடிப்பு விழாமல் வளைத்து மேஜைமீது இறக்கிவிட்டால், தரையும் சுவரும் சந்திக்கும் கோடு மறைந்து, இடத்தின் அளவை அறிவிக்கும் அடையாளமே இல்லாமற்போகிறது. இந்த வெண்மை காமிராவின் ஒளிமானியைக் குழப்பும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். எந்தக் காட்சியும் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்பது ஒளிமானியின் அனுமானம். வெள்ளைத் தாளைக் கண்டால் வெளிச்சம் மிகுந்துவிட்டதென்று எண்ணிக் குறைத்துவிடும். ஆதலால் ஒரு படி, ஒன்றரைப் படி கூட்டிக்கொடுத்தால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். மஞ்சள் பல்பையும் ஜன்னல் வெளிச்சத்தையும் கலந்தால், ஒருபுறம் மஞ்சளும் மறுபுறம் நீலமும் பூத்துவிடும். இரண்டிலொன்றை அணைத்துவிடுவதே வழி. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் இன்னொரு தொல்லை: நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் மாறுவதால், இவ்விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப் பிரகாசிக்கின்றன, வேகமான ஷட்டர் இதனைப் பிடித்துப் படத்தில் கரும்பட்டைகளாக்கிவிடும். விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கோ அதனினும் நீண்ட நேரமோ திறந்து வைத்தால் ஏற்றமும் இறக்கமும் சரிசமமாகிப் பட்டைகள் மறைகின்றன.

இறுதியாக, சுருங்க மறுக்கும் மற்றவற்றையும் கணக்கெடுத்துவிடுவோம். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர், பஸ்ஸின் கூரையில் அது விழுந்து கிடந்தால், ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் கம்பி கிடப்பதாகக் காமிரா எழுதிவைக்கும். அரை மில்லிமீட்டர் மணல் 12 மில்லிமீட்டர் ஜல்லியாகும்; ஆதலால் சாலை அமைப்பவர் மணலை அப்படியே கொட்டாமல், மெல்லிய துணியில் சலித்து வரும் தூளையே பயன்படுத்த வேண்டும். படமெடுக்குமுன் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுவது சம்பிரதாயமன்று, விகிதத்தின் கட்டளை. நீரும் அவ்வாறே பிடிவாதமுள்ளது. சுமார் 1.7 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிற்றலைகளைப் புவியீர்ப்பைவிட நீரின் பரப்பு இழுவிசையே அதிகமாக ஆள்கிறது. எனவே தட்டில் ஊற்றிய நீரில் கடலின் அலையை எழுப்ப இயலாது. கொலுவில் பூங்கா அமைக்கும் நம் வீட்டுப் பெண்கள், குளத்துக்கு நீர் ஊற்றாமல் முகக்கண்ணாடியைப் பதித்து ஓரத்தில் மணல் தூவுவது விஞ்ஞான ரீதியிலும் சரியான தீர்மானமே. காற்றும் சுருங்காது. 30 மீட்டர் தூரத்துப் பஸ்ஸின் சிவப்பில் இடையிலுள்ள தூசியும் ஈரமும் சிறிது வெண்மையைக் கலந்துவிடுகின்றன. ஒரு மீட்டர் தூரத்து மாதிரிக்கு அந்தத் திரை இல்லை. உண்மை வண்டியின் வர்ண டப்பாவிலிருந்தே எடுத்துப் பூசினாலும் மாதிரி கண்ணை உறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அனுபவமுள்ளவர்கள் வர்ணத்தில் சில துளி வெள்ளையைக் கலந்து, இல்லாத காற்றை ஈடுசெய்கிறார்கள்.

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது, செலவுக்கும் பயனுக்கும் உள்ள தொடர்பு இக்கலையில் தலைகீழாக இருப்பது புலனாகிறது. லென்ஸின் விலையை உயர்த்துவது துவாரத்தின் அகலம். நமக்கு வேண்டியதோ குறுகிய துவாரம். பெரிய சென்சாரின் மதிப்பு இருளிலும் வேகத்திலும் படமெடுப்பதில் இருக்கிறது; நமக்கோ வெயிலும் உண்டு, வேண்டிய நேரமும் உண்டு. கடையில் வாங்க இயலாததும் கணக்கால் மட்டுமே பெறத்தக்கதுமான உயரம், தூரம், ஒளியின் கோணம் ஆகிய மூன்றும் இனாம். ஆதலால், காமிராவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தை நல்ல பிளேடுகளுக்கும் மெல்லிய தூரிகைகளுக்கும் அடுத்த வண்டியின் வர்ணத்துக்கும் செலவிடுவதே புத்திசாலித்தனம். ஏனெனில் இத்தனை விதிகளையும் பின்பற்றி எடுத்த படம், ஒட்டுப் பிசகிய ஒவ்வோர் இடத்தையும் சுற்றுப்புறத்தோடு சேர்த்துத் தெளிவாகவே காட்டும்.